அம்மாவின் பசியாறலுக்குப் பழம் போட்டுச் சுட்ட ஓட்ஸ்: கசந்துபோனது ஏன்?

ரெங்கம்_மகள்

வணக்கம். ஜொகூர், ரெங்கத்தில் இருந்து எழுதுகிறேன். அம்மாவுக்கு 68 வயது. பதினான்கு வயதில் மங்கு (ரப்பர்ப் பால் வடியும் கிண்ணம்) துடைக்கப் போனவர். அதன்பின் முப்பத்தோராண்டு பால்மரம் வெட்டினார், அதாவது ரப்பர் மரத்தின் பட்டையைச் சீவிப் பால் எடுத்தார். தோட்டம் செம்பனைக்கு மாறியதும் உதிரிப்பழம் பொறுக்கினார். அவருக்குப் பசியாறுதல் என்றால் ஒன்றுதான்: ரொட்டி சானாய் (பரோட்டா மாதிரி) இரண்டு, பருப்புக் கறி, கெட்டிப்பால் ஊற்றிய தேநீர். இரண்டாண்டுகளுக்கு முன் கிளினிக்கில் சர்க்கரை நோய் என்று சொல்லிவிட்டார்கள். மாத்திரை தவறாமல் சாப்பிடுகிறார். கெட்டிப்பாலையும் நிறுத்திவிட்டோம். ரொட்டி சானாயை மட்டும் விடமாட்டேன் என்கிறார்.

ஓட்ஸ் கஞ்சி வைத்துக் கொடுத்தேன். "காய்ச்சல்காரிக்குக் கொடுப்பதை எனக்கு எதற்குக் கொடுக்கிறாய்?" என்று கிண்ணத்தைத் தள்ளிவிட்டார். அவர் கேட்பது மெல்லுவதற்கு ஒரு பண்டம். கையில் எடுத்துக் கடித்துச் சாப்பிட வேண்டும். ரப்பர் மர நிரையில் நின்றுகொண்டே சாப்பிட்ட பழக்கம் அது.

அதனால் பழம் போட்டு ஓவனில் சுடும் ஓட்ஸ் செய்து பார்க்கலாம் என்று இறங்கினேன். சென்ற சனிக்கிழமை இரவு உடனடி ஓட்ஸ் இரண்டு கோப்பை, பால் இரண்டு கோப்பை, ஒரு முட்டை, சிம்பாங் ரெங்கம் சாலையோரத்தில் வாங்கிய அன்னாசியில் பாதி, எல்லாவற்றையும் கலந்து குளிர்பெட்டியில் வைத்தேன். காலையில் எழுந்ததும் அப்படியே சுட்டுவிடலாம் என்பது எண்ணம். விடிந்து மூடியைத் திறந்தால் பால் திரிந்து, மேலே மஞ்சள் நீர் தேங்கி நிற்கிறது. அம்மா எட்டிப் பார்த்தார். "ஸ்டோரில் ஆசிட் ஊற்றிய பால் மாதிரி இருக்கிறதே" என்றார். தோட்டத்து ஸ்டோரில் ரப்பர்ப் பாலை உறையவைக்க ஃபார்மிக் அமிலம் ஊற்றுவார்களே, அதைத்தான் சொன்னார்.

பொருளை வீணாக்க மனம் வராமல் 200 டிகிரியில் அரை மணி நேரம் சுட்டேன். ஓரம் பலகையாகக் காய்ந்துவிட்டது, நடுவில் கூழ். வாயில் வைத்தால் முதலில் இனிப்பு, விழுங்கிய பிறகு அடிநாக்கில் கசப்பு. அம்மா ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு, ஒன்றும் சொல்லாமல் செருப்பை மாட்டிக்கொண்டு ஒட்டுக்கடைக்குப் போய்விட்டார்.

எங்கே பிழை? சீனி சேர்க்காமல், அவர் மனம் ஒப்பிச் சாப்பிடும்படி இதைச் செய்ய முடியுமா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

அடுப்பங்கரை

தங்கை, குளிர்பெட்டியில் வைத்ததை மட்டும் குறை சொல்லாதீர்கள். மூன்று பிழைகள் ஒன்றாகச் சேர்ந்துவிட்டன. அன்னாசியைப் பற்றிப் பழம் தெரிந்தவர்கள் சொல்லட்டும். நான் ஓட்ஸையும் சூட்டையும் பற்றிச் சொல்கிறேன். பதினைந்து ஆண்டுகளாகக் கூலாயில் வீட்டிலிருந்தே கேக் செய்து விற்கிறேன்.

உடனடி ஓட்ஸ் இதற்கு உதவாது. ஓட்ஸ் மணியை நீராவியில் வேகவைத்து உருளைக்கு அடியில் நசுக்கித்தான் தட்டையாக்குகிறார்கள். உடனடி வகையை இன்னும் மெல்லியதாக நசுக்கி, துண்டாக்கி, கிட்டத்தட்ட வெந்த நிலையிலேயே பொட்டலம் கட்டுகிறார்கள். வெந்நீர் பட்டாலே கரைவதைப் பாலில் இரவு முழுக்க ஊறவைத்தால் பசை ஆகாமல் என்ன ஆகும்? பொட்டலத்தில் 'ரோல்டு' என்று போட்டிருக்கும் முழுத் தட்டை ஓட்ஸ் வாங்குங்கள். ஒரு தட்டையை எடுத்துப் பாருங்கள்: சுண்டுவிரல் நகம் அளவு இருக்கும், நடுவில் மணியின் கோடு தெரியும். அதுதான் சரியானது. 'ஸ்டீல் கட்' என்று நொய் போல இருப்பதும் வேண்டாம்; இந்த நேரத்துக்குள் அது வேகாது, பல்லில் கடிபடும்.

200 டிகிரி சூடு அதிகம். 180 போதும், ஆனால் 35 முதல் 40 நிமிடம் வேண்டும். வீட்டு ஓவன் சின்னது என்றால் மேல்கம்பி பக்கத்திலேயே இருக்கும். கடைசிப் பத்து நிமிடம் அலுமினியத் தாளால் மூடிவிடுங்கள்.

என் அளவு இது. முழுத் தட்டை ஓட்ஸ் 200 கிராம், அதாவது இரண்டு கோப்பை. பேக்கிங் பவுடர் ஒரு தேக்கரண்டி. உப்பு அரைத் தேக்கரண்டிக்குச் சற்றுக் குறைவு. இந்த உப்பை விட்டுவிடாதீர்கள்; சீனி இல்லாத பண்டத்தில் பழத்தின் இனிப்பை எடுத்துக் கொடுப்பது உப்புதான். பட்டைத்தூள் ஒரு தேக்கரண்டி, ஏலக்காய் நான்கு இடித்தது. இன்னொரு கிண்ணத்தில் நன்றாகக் கனிந்த பிசாங் பெராங்கான் வாழைப்பழம் இரண்டை முள்கரண்டியால் மசித்து, முட்டை இரண்டு, பால் 400 மில்லி, எண்ணெய் இரண்டு மேசைக்கரண்டி சேர்த்து அடித்துக்கொள்ளுங்கள். இரண்டையும் கலந்து பத்து நிமிடம் ஊறவிட்டால் போதும். 20 சென்டிமீட்டர் சதுரத் தட்டில் எண்ணெய் தடவி ஊற்றி, மேலே பழத்துண்டுகளைப் பரப்பிச் சுடுங்கள்.

சாத்தே குச்சியால் நடுவில் குத்திப் பாருங்கள். ஈர மாவு ஒட்டக்கூடாது. ஈரப்பதம் மட்டும் இருந்தால் சரி. வெளியே எடுத்ததும் வெட்டாதீர்கள். கால் மணி நேரம் ஆறவேண்டும். ஆறும்போதுதான் ஓட்ஸின் பசை இறுகித் துண்டு துண்டாக வெட்ட வருகிறது. சூட்டில் வெட்டினால் உதிர்ந்துவிடும், வேகவில்லை என்று எண்ணி மறுபடி ஓவனில் வைத்துக் காயவிட்டுவிடுவீர்கள். நானே முதலில் அப்படித்தான் செய்தேன்.

பழக்கடை_அண்ணன்

சிம்பாங் ரெங்கத்தில் இருந்து வணக்கம் தங்கச்சி. அன்னாசி வாங்கியது எங்கள் ஊர்ச் சாலையோரம் என்பதால் பதில் சொல்லும் கடமை எனக்கும் இருக்கிறது.

பழத்தில் குறை இல்லை. வேகவைக்காத அன்னாசியில் புரொமிலெயின் என்று ஒரு நொதி இருக்கிறது. புரதத்தை அறுத்துத் துண்டாக்குவதே அதன் வேலை. அன்னாசி நிறைய சாப்பிட்டால் நாக்கு எரிவதும் அதனால்தான். பாலிலும் முட்டையிலும் இருப்பது புரதம். நீங்கள் இரவு முழுக்க இரண்டையும் ஒன்றாக வைத்துவிட்டீர்கள். பால் புரதம் அறுபட்டுச் சிறு துண்டுகளானால் அவற்றில் பல கசக்கும். அந்த அடிநாக்குக் கசப்பு அங்கிருந்து வந்தது. பழத்தின் புளிப்பும் சேர்ந்து பாலைத் திரித்துவிட்டது. உங்கள் அம்மா ஒரே பார்வையில் பாதிக் காரணத்தைப் பிடித்துவிட்டார்.

வழி எளிது. சூடு பட்டால் அந்த நொதி செத்துவிடும். பொடியாக நறுக்கி, அடிகனமான சட்டியில் தண்ணீர் ஊற்றாமல் போட்டு, சாறு விட்டுக் கொதித்து வற்றும்வரை எட்டு, பத்து நிமிடம் கிளறுங்கள். துண்டுகளின் ஓரம் கண்ணாடி போலத் தெரியும், நிறம் ஆழ்ந்த மஞ்சளாகும். ஆறவைத்துப் பிறகு கலந்தால் கசக்காது. தண்ணீரும் குறைந்துவிடுவதால் நடுப்பகுதி கூழாகாது. நடுத்தண்டை எடுத்துவிடுங்கள். டின்னில் வரும் அன்னாசி ஏற்கெனவே சூடு கண்டது, அதனால் கசக்காது; ஆனால் சீனிப்பாகில் ஊறியதை அம்மாவுக்குக் கொடுக்காதீர்கள்.

எந்த அன்னாசி என்று கேட்டால், நான் ஜோசபின் என்பேன். மார்டி (மலேசிய வேளாண் ஆய்வு மேம்பாட்டுக் கழகம்) 1996-இல் வெளியிட்ட ரகம், ஜொகூரின் கரிச்சதுப்பு மண்ணில் நன்றாக வரும். மணம் தூக்கலாக இருக்கும், சுட்ட பிறகும் நிற்கும். எம்டி2 என்ற ரகத்தில் அதைவிடப் புளிப்பு குறைவு, நாக்குக்கு இதமாக இருக்கும். அம்மாவுக்குப் புளிப்பு ஆகாது என்றால் எம்டி2 வாங்குங்கள்.

பப்பாளியும் இதே கதைதான். அதில் பாப்பெயின் இருக்கிறது, அது சூட்டை இன்னும் அதிகமாகத் தாங்கும். பப்பாளியைக் கலவைக்குள் போடாமல், சுட்ட துண்டின் மேல் பக்கத்தில் வைத்துச் சாப்பிடுங்கள். மாம்பழத்தால் இந்தத் தொல்லை இல்லை. சிக்கு (சப்போட்டா) சுட்டால் வெல்ல வாசனை வரும். நான் சொல்லி இரண்டு பேர் செய்தார்கள், இருவருமே மறுபடி வந்து வாங்கினார்கள். ரம்புத்தான், தர்பூசணி எல்லாம் வெறும் தண்ணீர், வேண்டாம். செம்படாக் போட்டால் வீடே மணக்கும். பிடித்தவர்களுக்குச் சொர்க்கம், ஆனால் இனிப்பு மிக அதிகம்.

வாழைப்பழத்துக்கு ஒரு சொல். தோல் மஞ்சளாக இருக்கும்போது வாங்கி அன்றைக்கே மசிக்காதீர்கள். தோலில் கரும்புள்ளி விழுந்து, காம்பைத் தொட்டாலே பழம் கழன்று வரும் நிலையில் எடுங்கள். கடையில் அதைப் பாதி விலைக்குக் கொடுத்துவிடுவோம்.

ரெங்கம்_மகள்

அண்ணா, அக்கா, இருவருக்கும் நன்றி. நொதி விஷயத்தை அம்மாவிடம் படித்துக் காட்டினேன். "அப்படியென்றால் பழத்தை முதலில் வேகவைக்க வேண்டியதுதானே" என்றார். கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறார், அதுவே எனக்குப் பாதி வெற்றி.

ஓய்வு_தாதி

பிள்ளை, நான் அரசு மருத்துவமனையில் தாதியாக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். சமையல் குறிப்பு நன்றாக இருக்கிறது. ஆனால் 'சீனி போடவில்லை' என்பதை 'சர்க்கரை ஏறாது' என்று யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. நம் மக்களிடம் நான் அதிகம் பார்த்த தவறு இதுதான்.

அடுப்பங்கரை சொன்ன அளவைக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஓட்ஸ் 200 கிராமில் மாவுச்சத்து (கார்போஹைட்ரேட்) சுமார் 135 கிராம். இரண்டு வாழைப்பழம், பால், ஒரு கோப்பை அன்னாசி சேர்ந்தால் இன்னும் 85, 90 கிராம். மொத்தம் ஏறக்குறைய 220. ஆறு துண்டாக வெட்டினால் துண்டுக்கு 37 கிராம், எட்டாக வெட்டினால் 28 கிராம். உணவியல் நிபுணர்கள் 15 கிராம் மாவுச்சத்தை ஒரு பங்கு என்று கணக்கிடுகிறார்கள். எட்டில் ஒரு துண்டு கிட்டத்தட்ட இரண்டு பங்கு. காலைக்கு அது பொருத்தமான அளவு. எட்டாக வெட்டுங்கள். இரண்டாவது துண்டு சாப்பிட்டால் ரொட்டி சானாயிடமே திரும்பிப் போனதாகிவிடும்.

கூட ஓர் அவித்த முட்டை கொடுங்கள், அல்லது ஒரு சிறு கிண்ணம் சுண்டல். சுகாதார அமைச்சு 'சுக்கு சுக்கு செப்பாரோ' என்று சொல்கிறதே, தட்டில் கால் பங்கு மாவுச்சத்து, கால் பங்கு புரதம், பாதி காய்கறியும் பழமும் என்று, அதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஓட்ஸில் பீட்டா குளுக்கன் என்ற கரையும் நார் இருக்கிறது. அது குடலில் கூழாகி, சர்க்கரை இரத்தத்தில் கலப்பதை மெதுவாக்கும். கெட்ட கொழுப்பையும் குறைக்க உதவும். நாளொன்றுக்கு 3 கிராம் பீட்டா குளுக்கன் என்ற அளவை வைத்துத்தான் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 1997-இல் ஓட்ஸ் பொட்டலத்தில் இதய நலம் பற்றி எழுத அனுமதித்தது. உங்கள் ஒரு துண்டில் ஓட்ஸ் 25 கிராம். பீட்டா குளுக்கன் ஏறக்குறைய 1 கிராம். நல்லதுதான், ஆனால் மருந்துக்கு மாற்று ஆகாது. மாத்திரையை நீங்களாகக் குறைக்காதீர்கள். மாத்திரை போட்டுவிட்டு 'இன்று ஓட்ஸ் பிடிக்கவில்லை' என்று வெறும் வயிற்றோடு அம்மா இருந்துவிடவும் கூடாது. சில மாத்திரைகளுக்குச் சர்க்கரை திடீரென இறங்கி மயக்கம் வரும்.

இன்னொன்று. சிறுநீரகம் பாதிக்கப்பட்டவர்கள் இந்தக் குறிப்பை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். வாழைப்பழத்தில் பொட்டாசியம் அதிகம், ஓட்ஸில் பாஸ்பரஸ் இருக்கிறது. முதலில் கிளினிக் உணவியல் நிபுணரைக் கேளுங்கள்.

இவ்வளவு அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. 2019-ஆம் ஆண்டு தேசிய சுகாதார ஆய்வில் நாட்டில் 18 வயதுக்கு மேற்பட்டவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது. இனவாரியாகப் பார்த்தால் இந்தியர்களிடம்தான் அதிகம். கால் புண்ணோடு வந்து விரல் எடுத்துவிட்டுப் போன தோட்டத்து அண்ணன்மார்களின் முகம் எனக்கு இன்னும் மறக்கவில்லை.

தினைப்புலம்

எல்லாரும் அக்கறையோடு எழுதுகிறீர்கள். ஆனாலும் என் மனத்தில் பட்டதைச் சொல்லிவிடுகிறேன். குளிர்நாட்டில் விளையும் ஓட்ஸை எதற்காகத் தேடிப்போக வேண்டும்? நம் தாத்தா பாட்டி கேழ்வரகுக் கூழும் கம்பங்களியும் சாப்பிட்டு மரம் வெட்டினார்கள். அவர்களுக்கு எந்த நோயும் இல்லை.

ஓய்வு_தாதி

தம்பி, தோட்டத்தில் பிறந்தவள் என்ற உரிமையில் சொல்கிறேன். அவர்களுக்கு நோய் இல்லை என்பது சரியில்லை. யாரும் பரிசோதித்துப் பார்க்கவில்லை. இன்னொன்று, என் அப்பா விடியற்காலை பிரட்டுக்கு (ஆள்கணக்கு எடுக்கும் இடத்துக்கு) போய்விட்டு, மேடு பள்ளமெல்லாம் ஏறி இறங்கி நூற்றுக்கணக்கான மரம் வெட்டி, பிறகு பால் வாளியைத் தூக்கிக்கொண்டு ஸ்டோருக்கு நடந்தார். அந்த உடம்பு உழைப்பு எதையும் எரித்துவிடும். இன்றைக்கு நாம் வாசல் வரை மோட்டார் சைக்கிளில் போகிறோம்.

கேழ்வரகு நல்லதுதான், யாரும் மறுக்கவில்லை. ஆனால் மலேசியாவில் நாம் வாங்கும் கேழ்வரகு மாவும் இறக்குமதிதான், ஓட்ஸும் இறக்குமதிதான். கேழ்வரகுக் களியும் ஓர் உருண்டைக்கு மேல் போனால் சர்க்கரையை ஏற்றத்தான் செய்யும்.

அடுப்பங்கரை

தினைப்புலம் தம்பி கேட்டதில் ஒரு நல்ல யோசனை ஒளிந்திருக்கிறது. ஓட்ஸில் 50 கிராமை எடுத்துவிட்டு அதே எடை கேழ்வரகு மாவு போட்டுப் பார்த்தேன். முதலில் மாவை வெறும் சட்டியில் வாசனை வரும்வரை வறுத்துக்கொள்ள வேண்டும், பாலும் நாலைந்து மேசைக்கரண்டி கூடுதலாக வேண்டும். நிறம் கருஞ்சாக்லெட் போல வரும், புட்டு வாசனையும் கொஞ்சம் வரும். வாழைப்பழத்தோடு பொருந்துகிறது, அன்னாசியோடு பொருந்தவில்லை. அதற்கு மேல் கேழ்வரகைக் கூட்டினால் துண்டு கல்லாகிவிடும், ஏனென்றால் தட்டை ஓட்ஸ் கொடுக்கும் இடைவெளியை மாவு கொடுக்காது.

தினைப்புலம்

செய்து பார்த்துச் சொன்னதற்கு நன்றி அக்கா. தாதியம்மா சொன்னதும் யோசிக்க வைத்தது. என் தாத்தா ஐம்பத்திரண்டில் போய்விட்டார்; எதனால் என்று வீட்டில் யாருக்கும் தெரியாது.

துளசிமாடம்

புரட்டாசி வந்தால் எங்கள் வீட்டில் முட்டை இல்லை. முட்டை இல்லாமல் இது நிற்குமா?

அடுப்பங்கரை

நிற்கும். ஆளிவிதைப் பொடி இரண்டு மேசைக்கரண்டியை ஆறு மேசைக்கரண்டி தண்ணீரில் பத்து நிமிடம் ஊறவையுங்கள். வெண்டைக்காய் வழவழப்புப் போல இழை இழுக்கும். இரண்டு முட்டைக்கு அது போதும். ஆனால் முழுக்க ஆறிய பிறகே வெட்ட வேண்டும். முதல் நாள் மாலை சுட்டு, மறுநாள் காலை வெட்டுவதே நல்லது.

பசும்பாலுக்குப் பதில் சந்தான் (தேங்காய்ப்பால்) ஊற்றலாமா என்று அடுத்துக் கேட்பீர்கள் என்று தெரியும். மணக்கும், அதில் ஐயமில்லை. ஆனால் கெட்டிச் சந்தானில் நிறைகொழுப்பு அதிகம். கொழுப்புப் பிரச்சினை உள்ளவர்களுக்கு ஓட்ஸ் கொடுத்துவிட்டு அதன்மேல் சந்தான் ஊற்றுவது, ஒரு கையால் கொடுத்து மறுகையால் பிடுங்குவது. ஆசைக்கு கால் கோப்பை மட்டும் சந்தான், மீதி சீனி சேர்க்காத சோயாப்பால் ஊற்றுங்கள். கலவையில் ஒரு ரம்பை இலையை முடிச்சுப் போட்டு ஊறவைத்து, சுடுமுன் எடுத்துவிடுங்கள். சந்தான் இல்லாத குறை தெரியாது.

லாயாங்_தம்பி

வணக்கம். நான் லாயாங் லாயாங் ஊர்க்காரன். வீட்டில் ஓவன் இல்லை. ஏர் ஃபிரையரும் இல்லை. சோற்றுப்பானைதான் இருக்கிறது, மின்சாரத்தில் ஓடுவது. அப்பாவுக்குச் செய்து கொடுக்க ஆசை. முடியுமா?

அடுப்பங்கரை

முடியும் தம்பி. அளவைப் பாதியாக்கிக்கொள். பானையின் அடியிலும் பக்கங்களிலும் எண்ணெய் தடவி, கலவை இரண்டு விரல் உயரத்துக்கு மேல் போகாமல் ஊற்று. சமைக்கும் பொத்தானை அழுத்து. அது சூடுகாக்கும் நிலைக்குத் தாவியதும் பத்து நிமிடம் விட்டு மறுபடி அழுத்து. எங்கள் வீட்டுப் பானையில் மூன்று முறை வேண்டியிருந்தது. மேல்பக்கம் வெளுத்தே இருக்கும், அடிப்பக்கம்தான் பொன்னிறம். ஒரு தட்டில் கவிழ்த்துவிட்டால் பொன்னிறம் மேலே வந்துவிடும். பழத்தை மேலே பரப்புவதற்குப் பதிலாக அடியில் அடுக்கி அதன்மேல் கலவையை ஊற்று, கவிழ்க்கும்போது அழகாக இருக்கும்.

ஓவன் இல்லாமல் சுடுவது இங்கே புதிதில்லை. என் சிறுவயதில் அடுத்த வீட்டு மலாய்க்கார மாக்சிக் (அத்தை) பாஹூலு என்ற முட்டை கேக் சுடுவார். பித்தளை வார்ப்பில் மாவை ஊற்றி, கீழே தணல், மூடியின் மேலும் தணல். தேங்காய்ச்சிரட்டைக் கரி. மூடியைக் கொக்கியால் தூக்கும்போது ஒரு பொறி கூட மாவில் விழாது. அந்தக் கையின் நிதானம் இன்று எந்த ஓவனிலும் கிடையாது.

பழக்கடை_அண்ணன்

குலா மலாக்கா (தென்னை வெல்லம்) கொஞ்சம் சீவிப் போட்டால் தப்பா என்று கடையில் இன்று ஒரு அக்கா கேட்டார். இந்த இழையைப் படித்துவிட்டு வந்தவர் போலிருக்கிறது.

ஓய்வு_தாதி

குலா மலாக்கா, தேன், பனங்கற்கண்டு, பேரீச்சம்பழம், எல்லாமே உடம்புக்குள் போனால் சர்க்கரைதான். வாசனைக்கு ஒரு தேக்கரண்டியை முழுத் தட்டின் மேலும் தூவினால் துண்டுக்கு அரை கிராம் வரும், அதைப் பற்றி நான் சண்டை போடமாட்டேன். 'இயற்கையானது' என்ற சொல்லை நம்பிக் கால் கோப்பை போடுவதுதான் தவறு.

ரெங்கம்_மகள்

செய்துவிட்டேன். நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

சனிக்கிழமை மாலை ஜோசபின் ஒன்றை நறுக்கிச் சட்டியில் போட்டேன். இரண்டு நிமிடத்தில் சாறு விட்டுத் துண்டுகள் மிதந்தன; ஏழாவது நிமிடத்தில் சாறு பாகு போலச் சட்டியின் அடியில் ஒட்டத் தொடங்கியது. அம்மா பின்னால் வந்து நின்று, "இரண்டு கிராம்பு போடு" என்றார். போட்டேன். குறிப்பில் இல்லாதது, ஆனால் அந்த வாசனையில்தான் வீடு தீபாவளி வீடு மாதிரி ஆனது.

ஞாயிறு காலை ஆறரைக்குக் கலந்தேன். உலர்ந்ததும் ஈரமானதும் தனித்தனியே வைத்திருந்ததால் ஐந்து நிமிட வேலை. பத்து நிமிடம் ஊறியபோது ஓட்ஸ் பாலைக் குடித்து உப்பியது, ஆனால் தட்டை தட்டையாகவே தெரிந்தது. சென்ற முறை இருந்த கூழ் இல்லை. 180 டிகிரி, 38 நிமிடம். குச்சி சுத்தமாக வந்தது. அந்தக் கால் மணி நேரம் காத்திருப்பதுதான் கடினம். அம்மா இரண்டு முறை கத்தியை எடுத்தார்.

எட்டாக வெட்டினேன். ஓரத் துண்டு ஒன்றை அவித்த முட்டையோடும் வெறும் தேநீரோடும் வைத்தேன். கையில் எடுத்து, வாசல் படியில் உட்கார்ந்து, செம்பனை மரங்களைப் பார்த்தபடி சாப்பிட்டார். ஓரம் மொறுமொறுப்பு, உள்ளே மெத்தென்று இருந்தது, கசப்பு துளியும் இல்லை. முடித்துவிட்டு விரலில் ஒட்டிய அன்னாசியைச் சுவைத்தார். "வெட்டுக்காட்டுக்குக் கட்டிக்கொண்டு போக நன்றாக இருந்திருக்கும்" என்று மட்டும் சொன்னார். அவரிடமிருந்து இதைவிடப் பெரிய பாராட்டு வராது.

சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து விரலில் குத்திச் சர்க்கரை அளவு பார்த்தோம்: லிட்டருக்கு 8.6 மில்லிமோல். இரண்டு ரொட்டி சானாய் சாப்பிட்ட புதன்கிழமை அதே நேரத்தில் 12.4 இருந்தது.

ஓய்வு_தாதி

மனம் நிறைந்தது பிள்ளை. ஒரு நாள் எண்ணை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள். ஒரு வாரம் எழுதி வைத்து அடுத்த சந்திப்பில் மருத்துவரிடம் காட்டுங்கள். ரொட்டி சானாயை அடியோடு தடை செய்யவும் வேண்டாம். மாதம் ஒருமுறை, ஒன்றே ஒன்று, பருப்பு நிறைய ஊற்றி. அடியோடு தடுத்தால் நமக்குத் தெரியாமல் சாப்பிடுவார்கள். நாற்பது ஆண்டுகளாகப் பார்த்திருக்கிறேன்.

ரெங்கம்_மகள்

அப்படியே செய்கிறேன் அம்மா. மீதி ஏழு துண்டுகளை எப்படி வைத்திருப்பது? இங்கே ஈரப்பதத்தில் எதுவும் நிற்பதில்லை. ஓட்ஸ் பொட்டலத்திலும் பழைய எண்ணெய் போல ஒரு சிக்கு வாடை வருகிறது.

அடுப்பங்கரை

துண்டுகளை வெளியே வைக்காதீர்கள். மூடிய டப்பாவில் குளிர்பெட்டியின் கீழ்ப்பகுதியில் மூன்று, நான்கு நாள் இருக்கும். அதற்கு மேல் என்றால் ஒவ்வொன்றையும் தாளில் சுற்றி உறைபெட்டியில் வையுங்கள், இரண்டு மாதம் கெடாது. சாப்பிடும்போது தோசைக்கல்லில் சிறுதீயில் இரண்டு பக்கமும் வாட்டுங்கள். மைக்ரோவேவில் வைத்தால் ஓரத்து மொறுமொறுப்பு போய்விடும்; அம்மாவுக்குப் பிடித்ததே அதுதானே.

சிக்கு வாடை வந்த ஓட்ஸைக் கொட்டிவிடுங்கள். அரிசி, கோதுமையைவிட ஓட்ஸில் கொழுப்பு அதிகம், நூறு கிராமில் ஏழு கிராம் வரை இருக்கும். நம் ஊர்ச் சூட்டில் அது சீக்கிரம் கெடும். சிறிய பொட்டலமாக வாங்கிப் பிரித்ததும் இறுக மூடும் டப்பாவில் போட்டுக் குளிர்பெட்டியில் வையுங்கள். வண்டும் வராது.

லாயாங்_தம்பி

அக்கா, சோற்றுப்பானையில் செய்தேன். மூன்று முறை அழுத்தினேன். கவிழ்க்கும்போது கால்வாசி அடியில் ஒட்டிக்கொண்டது, அதைச் சுரண்டி நான் சாப்பிட்டேன். அப்பாவுக்கு நல்ல துண்டு கிடைத்தது. அடுத்த முறை வாழை இலையை வட்டமாக வெட்டி அடியில் போடப்போகிறேன்.

அடுப்பங்கரை

இலையைத் தீயில் வாட்டிப் போடு தம்பி, கிழியாது.

ரெங்கம்_மகள்

பழக்கடை அண்ணா, ஞாயிற்றுக்கிழமை காலை வருகிறேன். ஜோசபின் இரண்டு, பெராங்கான் ஒரு சீப்பு எடுத்து வையுங்கள். புள்ளி விழுந்ததாகவே கொடுங்கள். எதிர் வீட்டுப் பெரியம்மாவுக்கும் சேர்த்துச் செய்யச் சொல்லிவிட்டார் அம்மா.